அட்டைக்கடி

வீரம்மா அதை அட்டைக்கடி என்றுதான் நினைத்தாள்.

கார்த்திகை மழை தொடங்கியிருந்தது. உடப்புசல்லாவைக்கு மேலே கொட்டமலைத் தேயிலைத் தோட்டத்தில் அந்த மாதங்களில் எல்லாருடைய காலிலும் இரத்தம் இருக்கும். கொழுந்து மலையிலிருந்து இறங்கும் பெண்கள் மலைநீர் கொட்டும் பீலியடியில் நின்று கால் கழுவும்போது தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடும். அட்டை கடிப்பது வலிப்பதில்லை. குடித்து நிரம்பியதும் தானாக விழுந்துவிடும். இரத்தம் மட்டும் நிற்காமல் வடியும். அதற்கு ஒரு விரல் சுண்ணாம்பு போதும்.

அன்று மாலை அவள் கணவன் பழனியாண்டி மரக்கறித் தோட்டத்திலிருந்து ஏறி வந்து, லயத்து வீட்டின் முன்னால் உள்ள இஸ்தோப்பில் உட்கார்ந்தான். இடது காலின் வெளிப்பக்கம், சுண்டுவிரலுக்குக் கீழே, இரத்தம் சேற்றோடு கலந்து வழிந்திருந்தது.

“அட்டை ஏறியிருக்கு பாருங்க.”

“ஏறட்டும். அதுக்கும் வயிறு இருக்குல்ல.”

“ஒங்க ரத்தத்தக் குடிச்சா அதுக்கும் சீனி வருத்தம் வந்துரும். அப்புறம் அதையும் கிளினிக்குக் கூட்டிக்கிட்டு அலையணும்.”

சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்த பழனியாண்டி சிரித்தான். வீரம்மா வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை வழித்து, கடிவாய் என்று தெரிந்த இடத்தில் அப்பினாள். கரண்ட் இல்லை. மழை இருட்டு. அவள் குனிந்து பார்க்கவில்லை; அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.

மறுநாளும் அதே இடத்தில் இரத்தம்.

“ருசி கண்ட அட்டை போல” என்றாள். அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வைத்தாள்.

மரக்கறித் தோட்டம் லயத்துக்குக் கீழே, ஓடை வரைக்கும் இறங்கும் சரிவில் இருந்தது. தேயிலை செத்துப்போன ஒரு மூலையைப் பழனியாண்டியின் அப்பா கல்லும் வேருமாகக் கிளறி எடுத்து உண்டாக்கிய நிலம். நடுவில் ஒரு கல் மட்டும் அசையவில்லை. இடுப்பளவு உயரம். எத்தனை பேர் நெம்பியும் வராத கல்லுக்கு அவர் குங்குமம் வைத்து, இது முனி என்றார். அன்றிலிருந்து அந்தத் தோட்டத்துக்குள் விஷயம் தெரிந்த யாரும் செருப்போடு இறங்கியதில்லை. முள்வேலி திறக்கும் கடவில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். லீக்ஸ் ஏற்ற வரும் லொறிக்காரர் பண்டா கூட, கடவுக்கு வந்ததும் ஒன்றும் சொல்லாமல் பூட்ஸைக் கழற்றி, காற்சட்டையைச் சுருட்டிக்கொள்வார்.

அந்த வீட்டில், தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுப்பது வீரம்மா மட்டும்தான். பழனியாண்டிக்கு முழு நேரமும் இந்தச் சரிவுதான். லீக்ஸ், கரட், வேலியோரம் கம்பு நட்டுப் போஞ்சிக்கொடி. மண்ணைக் காலால் பார்க்கிறவன் என்று அவனுக்குப் பேர். மழை விட்ட காலையில் பாத்திக்கு நடுவே நின்று பாதத்தை ஒரு தடவை அழுத்துவான். “இன்னிக்கு மம்பட்டி போடாதீங்க, ஒட்டும்” என்பான். அல்லது, “இப்பவே போடுங்க, மத்தியானம் இறுகிரும்.” பக்கத்துத் தோட்டக்காரர்களும் கூப்பிட்டுக்கொண்டு போய் நிற்க வைத்துக் கேட்பார்கள். போன வருடம்தான் அவனுடைய லீக்ஸே அடித்தண்டு அழுகிப்போனது. விதை சரியில்லை என்று சொன்னான். வீரம்மா விதைக்காரனைத் திட்டித் தீர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்குள் அழுகிய லீக்ஸ் நாற்றம் அடித்தது.

வீரம்மா கட்டிலுக்கு அடியில் கிடந்த லீக்ஸ் கட்டுகளை இழுத்து வெளியே போட்டாள். நாற்றம் போகவில்லை. சாக்குகளை உதறினாள். அடுப்படியில் தேடினாள். பக்கத்து வீட்டுப் பவுலின் தேங்காய்ப் பாதியோடு வாசலில் வந்து நின்றாள்.

“என்ன மதினி, எலி செத்துக் கெடக்கா?”

“லீக்ஸ் எங்கயோ அழுகிருக்கு. எங்கன்னு தெரியல.”

பவுலின் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினாள். அடுப்படிக்குப் போனாள், திரும்பி வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பழனியாண்டிக்கு முன்னால் நின்றாள். அவளுடைய முகத்தில் இருந்த விளையாட்டுப் போய்விட்டது.

“அண்ணே. காலக் காட்டுங்க.”

வீரம்மா வெந்நீரில் துணியை நனைத்து, காய்ந்து பாறையாகியிருந்த சுண்ணாம்பைப் பெயர்த்தாள். அதற்குக் கீழே கறுத்த ஒரு ஓட்டை. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அவள் ஓரத்தில் மெல்ல அழுத்தினாள். சீழ் வந்து துணியில் பரவியது. பயந்து நிமிர்ந்து பார்த்தாள். பழனியாண்டி தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தான்.

“வலிக்கலயா?”

“எங்க?” என்றான்.

*

பெரியாஸ்பத்திரியில் அந்த இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு சிம்பையும் எடுத்தார்கள். போஞ்சிக் கம்பின் நுனி. விரலின் ஒரு கணு நீளம் இருந்தது. அது ஏறி முறிந்ததைக் கூட அறியாமல் அவன் அந்தக் காலோடு வரிசை வரிசையாக நடந்திருக்கிறான்.

“சுண்ணாம்பு வச்சு மூடினது நான்தான்” என்று வீரம்மா வாட்டுக்கு வெளியே இருந்த மர வாங்கில் உட்கார்ந்து சொன்னாள்.

“மதினி, அதுக்கு அடுத்த நாள் ஒங்க வெத்தலப் பெட்டில சுண்ணாம்பு தீந்துருச்சுன்னு அண்ணே காலுக்கு நானும்தான் பொகையில வச்சேன்” என்றாள் பவுலின். “இந்த மலையில ரத்தத்தப் பாத்தா யாரு கம்புன்னு நெனப்பா? எந்திரிங்க. கீழ லீக்ஸ் நிக்கிது.”

லீக்ஸ் நின்றது. அதற்குக் காத்திருக்கத் தெரியாது. வளர வளர இரண்டு பக்கத்திலிருந்தும் மண்ணை இழுத்துத் தண்டோடு அணைக்க வேண்டும். வெளிச்சம் படாத தண்டுதான் வெள்ளையாகும். வெள்ளை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அதற்கு மதிப்பு. தள்ளிப்போட்டால் பச்சையாகவே முற்றிவிடும்.

வீரம்மா விடியற்காலை பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, கொழுந்தெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் கடவுக்கு வருவாள். பவுலினும் வருவாள். மழைத் தூறலில் இரண்டு பேரும் எதிரெதிர் வரிசையில் குனிந்து மண்ணை இழுப்பார்கள். அந்த மண் ஐஸ் மாதிரி குளிரும். விரல் நுனி மரத்துப்போகும்போது வீரம்மாவுக்குப் பழனியாண்டியின் கால் நினைவு வரும். இப்படித்தான் இருந்திருக்குமா? கையை அக்குளில் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். உணர்வு திரும்பி வரும்போது வலிக்கும். அந்த வலி அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

“ஒங்க முனிக்கு ஒரு ஈட்டர் வாங்கி வைங்க மதினி” என்பாள் பவுலின், கால்விரல்களை மடக்கிக்கொண்டு. “எங்க மாதா செருப்போட வந்தாலும் ஒண்ணும் சொல்லாது. இங்க வந்தா கால் வெறைக்கிது.”

“பேசாம இழு.”

“இழுத்துக்கிட்டுத்தானே பேசுறேன்.”

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் நிலக்ஷி ஒவ்வொரு இரவும் கூப்பிட்டாள். “அம்மா, அந்தத் தோட்டத்த விட்டுருங்க. அப்பாவ ஒரு எடத்துல உக்கார வைங்க” என்றாள்.

“ஒங்கப்பாவ உக்கார வைக்கிறதா? நீ வந்து செஞ்சு காட்டு பாப்போம்.”

*

தைப்பொங்கலுக்குப் பிறகுதான் காயம் மூடியது. கிளினிக்கில் தனுஜா என்ற தாதி பழனியாண்டியின் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்தாள். சின்னப் பெண். சிங்களவள், தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு இழை.

“ஐயா கண் மூடணும். நான் தொடும். தொட்டா ஆமா சொல்லணும். சரியா?”

பழனியாண்டி கண்ணை மூடினான். இழை பெருவிரலில் பட்டு வளைந்தது.

“இப்ப?”

“ஆமா மிஸ்.”

குதிகாலில். “இப்ப?”

“ஆமா.”

பாதத்தின் நடுவில், எஞ்சியிருந்த விரல்களில், தையல் தழும்பின் ஓரத்தில். எல்லாவற்றுக்கும் ஆமா. வீரம்மாவுக்கு மனம் லேசானது. அப்புறம் தாதி குச்சியைத் தன் மடியில் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

“இப்ப?”

“ஆமா மிஸ். தெரியுது.”

“இப்ப?”

“நல்லாத் தெரியுது.”

தாதி வீரம்மாவைப் பார்த்தாள். வீரம்மா தரையைப் பார்த்தாள். மூடிய கண்களோடு பழனியாண்டி மட்டும், பரீட்சையில் சரியாகச் சொல்லிவிட்ட பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

“கண் தொறங்க ஐயா” என்றாள் தனுஜா. அவள் கோபப்படவில்லை. “இந்தக் கால் இனி சொல்ல மாட்டாது. கல் குத்தினா சொல்லாது, நெருப்பு சுட்டா சொல்லாது. வெறும் காலோட நடக்க வேணாம். வீட்டுக்குள்ளயும் வேணாம். தோட்டத்துக்கு மூடின பூட்ஸ், தடிச்ச மேஸ், கால் உறை. போட முன்னாடி உள்ள கை போட்டுப் பாக்கணும். கால் சொல்லாது, கை சொல்லும். அடுத்த தடவ விரல் இல்ல ஐயா.” முழங்காலுக்குக் கீழே தன் கையைக் குறுக்காக வைத்துக் காட்டினாள். “இங்க.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது, இராகலை தாண்டியதும் பழனியாண்டி, “மழ விட்டா நாளைக்கு மண்ணு நல்லா இருக்கும்” என்றான்.

*

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கொழுந்து மலையிலிருந்து இறங்கி வந்த வீரம்மா கடவில் செருப்பைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தைச் செருப்பு. வாரை உள்ளே மடித்து, ஈரம் படாமல் ஒரு வாழை இலைத் துண்டின் மேல் சோடியாக வைத்திருந்தது.

கீழே பழனியாண்டி வெறுங்காலோடு நின்று மண்வெட்டியால் மண் இழுத்துக்கொண்டிருந்தான்.

“ஏறி வாங்க.”

“ரெண்டு வரிசதான் புள்ள. முடிச்சிட்டு வாறேன்.”

“இப்ப ஏறி வாங்கங்கிறேன்.”

“கத்தாத. சாமி நிக்கிற எடம்.”

“நிக்கட்டும். அவருக்கு வெட்டி எடுக்க வெரல் இல்ல.”

அவன் ஏறி வந்தான். வீரம்மா இஸ்தோப்பில் அவனை உட்கார வைத்து, காலைக் கழுவி, டோர்ச் அடித்து விரல் இடுக்கெல்லாம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் முழுதாக வந்தது.

“மிஸ் என்ன சொன்னாங்க?”

“சொன்னாங்க.”

“என்ன சொன்னாங்கன்னு கேக்குறேன்.”

“வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னாங்க.”

“அடுத்த தடவ எங்க வெட்டுவாங்கன்னாங்க? காட்டுங்க. எனக்குக் காட்டுங்க.”

பழனியாண்டி காட்டவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்து உருட்டினான்.

“அதுக்கு என்னைய என்ன செய்யச் சொல்ற? பூட்ஸோட போயி முனிய மிதிக்கச் சொல்றியா? அப்பா வச்ச சாமி. அந்த உரக் கம்பனிக்காரப் பய என்னா ஏதுன்னு கேக்காம பூட்ஸோட எறங்கினான். அந்த வாரமே பன்னி வந்து கரட்டப் பூரா நெரவிட்டுப் போச்சா இல்லயா? நீயுந்தானே பாத்த.”

“பன்னி எல்லார் தோட்டத்துலயும்தான் வந்துச்சு.”

“நம்மதுலதான் மொதல்ல வந்துச்சு.”

“நம்ம தோட்டம் காட்டுக்குப் பக்கத்துல இருக்கு. மொதல்ல நம்மதுலதான் வரும். அதுக்கென்ன ஹெலிகொப்டரா இருக்கு?”

சுவருக்கு அந்தப் பக்கம் பவுலின் சிரிப்பது கேட்டது. பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டதும் தெரிந்தது.

“சரி” என்றாள் வீரம்மா, குரலைத் தணித்து. “நீங்க எறங்க வேணாம். பவுலின் வீட்டுக்காரருக்குக் குடுத்துருவோம். அவரு செய்யட்டும், வாறதுல பாதி தரட்டும். நீங்க மேல ஒக்காந்து சொல்லுங்க. அவரு கேப்பாரு.”

பழனியாண்டி கீழே தெரிந்த சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி வரிசைகளுக்கு மண் ஏறியிருந்தது, பாதி ஏறவில்லை.

“அப்ப நான் என்னத்துக்கு?” என்றான்.

அவள் பயந்துகொண்டிருந்தது அந்தக் கேள்விக்குத்தான். அவள் பெரட்டுக்குப் போனதும் அவன் இறங்குவான் என்று தெரியும். மண்வெட்டியை ஒளித்து வைத்தால் கையால் இழுப்பான். அவனைக் கட்டி வைக்கவும் முடியாது.

*

அந்த வாரம் பாலத்தடி மலையில் கொழுந்து. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இலந்தை மரத்தின் கீழே தோட்டத்து முனியாண்டி கோயில் இருந்தது. மரக்கிளையில் மணிகளும், அவற்றுக்கு நடுவே பெரிய பெரிய தோல் செருப்புகளும் தொங்கின. நேர்த்திக் கடன் வைத்தவர்கள் வருடா வருடம் கட்டுவது. மழையில் நனைந்து காய்ந்து, விறைத்துப்போய் ஆடிக்கொண்டிருந்தன.

“மதினி, நான் வேதக்காரி. ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது” என்றாள் பவுலின், அடுத்த நிரையிலிருந்து.

“நீ கேக்காத நாள் எது?”

“அந்தா தொங்குதே, என் கை நீளத்துக்கு. அது யாருக்கு?”

“சாமிக்கு.”

“சாமிக்கு என்னத்துக்கு?”

“வேட்டைக்குப் போவாருல்ல. காட்டுல முள்ளு கெடக்கும்.”

“அப்ப இந்த முனிக்கு முள்ளு குத்தும். ஒங்க வீட்டு முனிக்குக் குத்தாதா? ரெண்டு பேரும் அண்ணன் தம்பிதானே?”

பக்கத்து நிரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீரம்மா சிரிக்கவில்லை. அவள் கை தேயிலைச் செடியின் மேல் அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் செருப்புகள். காற்றுக்கு ஒன்றோடொன்று முட்டின.

“வீரம்மா!” என்று மேலேயிருந்து கங்காணி கத்தினார். “கொழுந்து செடில இருக்கு. பவுலின் மூஞ்சில இல்ல!”

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போகாமல் டவுனுக்குப் போனாள். கடைக்காரர் கறுப்பு ரப்பர் பூட்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

“எட்டாம் நம்பர் ஒரு சோடி. அதோட இன்னொரு சோடி. இருக்கிறதுலயே பெரிசு எதுவோ, அது.”

“பதினொண்ணு இருக்கு. யாருக்கும்மா இவ்வளவு பெரிய காலு?”

“வீட்டுப் பெரியவருக்கு” என்றாள் வீரம்மா.

*

சாயங்காலம் மழை இல்லை. ஓடைப் பக்கமிருந்து பனிப்புகை ஏறிக்கொண்டிருந்தது. வீரம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு, வெறுங்காலோடு தோட்டத்துக்குள் இறங்கி, கல்லைக் கழுவினாள். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டினாள். ஒரு சுருட்டைப் பற்ற வைத்துக் கல்லின் மேல் வைத்தாள். பிறகு பதினொன்றாம் நம்பர் பூட்ஸை எடுத்து, இரண்டுக்கும் பொட்டு வைத்து, ஓடையைப் பார்த்தபடி கல்லின் முன்னால் நிறுத்தினாள்.

பழனியாண்டி கடவில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“என்னடி இது கூத்து?”

அவள் திரும்பவில்லை. கற்பூரம் ஏற்றினாள்.

“சாமி, குளிரு காலம். கீழ பூரா முள்ளும் கம்புமாக் கெடக்கு. ஒங்களுக்கும் கால் இருக்கும். இதப் போட்டுக்கங்க. இனிமே அவரும் போட்டுக்கிட்டுத்தான் வருவாரு. கோவம்னா எம்மேல காட்டுங்க. அவர் காலக் கேக்காதீங்க.”

கற்பூரம் அணைந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் கறுப்பு பூட்ஸைப் பார்த்தார்கள். அந்தக் கல், முதல் தடவையாக, எங்கோ புறப்படத் தயாராக நிற்கிற ஆள் மாதிரி இருந்தது.

“சாமி ஒத்துக்கிருச்சுன்னு எப்புடித் தெரியும்?” என்றான் பழனியாண்டி.

“ஒத்துக்கலன்னு எப்புடித் தெரியும்?”

“பூ வச்சுக் கேட்டுப் பாப்பமா?”

“வேணாம்.”

“ஏன்?”

“வேணாம்னு எடப் பக்கம் விழுந்தா நீங்க கேப்பீங்க. நான் கேக்க மாட்டேன். எதுக்கு சாமிய நம்ம சண்டையில மாட்டிவிடணும்?”

அவள் மேலே ஏறி வந்து, எட்டாம் நம்பர் பூட்ஸையும் மேஸ் சோடியையும் அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் கடவுக் கல்லில் உட்கார்ந்தான். ஒரு பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். போடவில்லை.

“வீரம்மா.”

“ம்.”

“போன வருசம் லீக்ஸ் அழுகினது வெதையால இல்ல.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஈரம் தெரியல. மிதிச்சுத்தான் பாத்தேன். காஞ்சு கெடக்குற மாதிரி இருந்துச்சு. மண் அணைக்கச் சொன்னேன். அடி பூரா தண்ணி நின்னிருக்கு.” அவன் பூட்ஸின் விளிம்பைத் தடவினான். “அதுக்கு முந்தியே இப்புடித்தான். பஞ்சு மேல நிக்கிற மாதிரி. கால்ல என்னமோ போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி. அவனவன் வந்து, அண்ணே மண்ணு பாத்துச் சொல்லுங்கன்னு கூட்டிக்கிட்டுப் போறான். போய் நிப்பேன். ஒரு மிதி மிதிப்பேன். வாய்க்கு வந்தத சொல்லுவேன்.”

“அந்த மிஸ்கிட்ட சொன்ன மாதிரி.”

அவன் அவளைப் பார்த்தான். அவள் பார்த்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அது மாதிரித்தான்” என்றான்.

ஓடைச் சத்தம் கேட்டது. மேலே லயத்தில் யாரோ பிள்ளையைக் குளிக்கக் கூப்பிட்டார்கள்.

“அப்ப இத்தன நாளா செருப்புக் காலோடதான் சாமி முன்னுக்கு நின்னிருக்கீங்க” என்றாள் வீரம்மா.

பழனியாண்டி யோசித்தான். சிரிப்பு வருவது போல இருந்தது. வரவில்லை. கண்ணைத் துடைத்தான்.

“தெரிஞ்சிருக்கும் அவருக்கு.”

“தெரிஞ்சும் பேசாமத்தான் நின்னிருக்காரு.”

அவன் பூட்ஸுக்குள் கையை விட்டு, நுனி வரைக்கும் துழாவினான். மற்றதிலும் துழாவினான். வீரம்மா மேஸை இழுத்து விட்டாள். விரல்கள் இல்லாத இடத்தில் துணி தொங்கியது. அவள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பஞ்சை அங்கே அடைத்தாள். அவன் எழுந்து, ஒரு கையால் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு, கடவைத் தாண்டிக் காலை வைத்தான். கல்லைப் பார்த்தான். இன்னொரு அடி வைத்தான்.

முதல் வரிசையின் ஓரத்தில் நின்று, பழக்கத்தில் ஒரு தடவை மிதித்தான். பிறகு மெதுவாக, கம்பை ஊன்றிக் குனிந்து, ஒரு பிடி மண்ணை அள்ளினான். உள்ளங்கையில் வைத்து இறுக்கினான். விரித்தான். உருண்டை உடையாமல் இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கு வேணாம்” என்றான். “ஒட்டும்.”

*

மாசியில் லீக்ஸ் பிடுங்கினார்கள். வெள்ளைத் தண்டு எல்லா வரிசையிலும் ஒரே நீளம் இல்லை. வீரம்மாவும் பவுலினும் அணைத்தவை ஒரு மாதிரி, பழனியாண்டி அணைத்தவை ஒரு மாதிரி. அழுகல் இல்லை. பன்றி ஒரு தடவை வந்தது, பக்கத்துத் தோட்டத்துக்கு. “மொதல்ல அங்கதான் போச்சு” என்று பழனியாண்டி எல்லாரிடமும் சொன்னான்.

லொறிக்காரர் பண்டா கடவுக்கு வந்து, முனியின் பூட்ஸையும் பழனியாண்டியின் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். சிங்களத்தில் என்னவோ கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டார். தன்னுடையதை வழக்கம் போலக் கழற்றித்தான் வைத்தார். பவுலின் கழற்றவில்லை. “பெரியவரே, நான் ஒங்க கட்சி” என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் செருப்போடு இறங்கினாள்.

அந்தக் காலைகளில் புல்லின் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பழனியாண்டி இஸ்தோப்பில் உட்கார்ந்து தன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுவான், கையை உள்ளே விட்டுத் துழாவுவான், போட்டுக்கொள்வான். தோட்டத்துக்குள் இறங்கியதும் முதல் வேலையாக முனியின் பூட்ஸையும் கவிழ்த்து, இரவு இறங்கிய தண்ணீரைக் கொட்டி, அதற்குள்ளும் கையை விட்டுப் பார்ப்பான். அப்படியே திரும்ப நிறுத்தி வைப்பான்.

ஒரு நாள் அப்படிக் கையை விட்டு எடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து மோதிர விரலில் இரத்தம் வழிந்தது.

“அட்டை புள்ள” என்று கையைத் தூக்கிக் காட்டினான். “சாமி பூட்ஸுக்குள்ள படுத்திருந்திருக்கு.”

வீரம்மா பிடுங்கிய லீக்ஸைப் போட்டுவிட்டு வந்தாள். இடுப்பில் வெற்றிலைப் பெட்டி இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. அவனை ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போய் விரலைக் கழுவினாள். முந்தானையால் ஒற்றி, வெயில் விழுந்த இடத்துக்கு இழுத்து வந்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுற்றிலும் அழுத்தினாள்.

“வலிக்கிதா?”

“நீ அழுத்துறதுதான் வலிக்கிது.”

இரத்தம் மறுபடி ஊறி வந்தது. அவள் இன்னொரு தடவை கழுவிப் பார்த்தாள். சின்னதாக, மூன்று கீறல் ஒன்றாகச் சேர்ந்த புள்ளி.

அட்டைக்கடிதான்.